டவரா, ஸ்பிரிங்கா, வார்மா: அறுபதுகளின் அமெரிக்கக் கார்களுக்கு எந்த ஹோஸ் கிளாம்ப்?

ஒரு 1966 கார்வெட், செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் கார். என்ஜினைப் பிரித்துக் கோத்தாயிற்று, பெயிண்ட் அடித்தாயிற்று, சீட்டும் புதிது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் பளபளக்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸில் மட்டும், ஹோஸைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்க, உதிரிபாகக் கடையில் அட்டையில் கோத்துத் தொங்கவிடும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு. விஷயம் தெரிந்தவரின் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

"இதை எவன் பார்க்கப் போகிறான்" என்று கேட்கலாம். பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 1974-இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியின் நடுவர்கள், தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று வண்டி எப்படி இருந்ததோ அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். அவர்களிடம் மேல்நிலை விருது வாங்க 94 சதவீதம் வேண்டும். ஒரு கிளாம்ப்பால் அது கைநழுவிப் போகாது. ஆனால் ரேடியேட்டருக்கு நான்கு, ஹீட்டருக்கு நான்கு என்று எண்ணினாலே எட்டு ஆகிறது. சில்லறை சில்லறையாகப் போவதுதான் கடைசியில் வலிக்கும்.

அந்த வண்டிக்கு உரியது டவர் கிளாம்ப். 1963 முதல் 1967 வரையிலான கார்வெட்டுகளில் இதைத்தான் பார்க்கிறோம். சிகாகோவின் விட்டெக் நிறுவனம் செய்தது. பட்டையிலேயே பெயரும் ஊரும் அச்சாகப் பதிந்திருக்கும். ஹோஸைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுப் பட்டை, அதன்மேல் செங்குத்தாக ஒரு சின்னப் பெட்டி. பார்க்கக் கோபுரம் மாதிரியே இருப்பதால் டவர் என்ற பெயர். ஸ்க்ரூ மேலிருந்து கீழாக, ஹோஸின் மையத்தை நோக்கி நிற்கும். திருகத் திருகப் பட்டையின் முனை பெட்டிக்குள் மேலேறும், சுற்று இறுகும்.

அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது. ஸ்க்ரூ ஹோஸை நோக்கிக் குத்தி நின்றால் டவர். ஹோஸைத் தொட்டபடி பக்கவாட்டில் படுத்திருந்தால் வார்ம் (worm, புழு மரை). இரண்டடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம்.

டவரின் குறை அதன் உயரத்திலேயே இருக்கிறது. பட்டை ஏறக்கூடிய தூரம் பெட்டியின் உயரம் அளவுக்குத்தான். ஆகவே ஒவ்வொரு ஹோஸ் அளவுக்கும் தனி கிளாம்ப். சற்றே பெரியது வாங்கினால் ஸ்க்ரூ அடிவரை போய் முட்டி நிற்கும், ஹோஸோ இன்னும் தளர்வாக இருக்கும். நான் பட்ட பாடு இதுதான். இப்போது விற்கும் ஹோஸ் ஒன்றின் சுவர் பழையதைவிட மெலிதாக இருந்தது. கிளாம்ப் சரியான அளவு, சரியான முத்திரை, ஆனாலும் பிடிக்கவில்லை. இன்னும் அரைச் சுற்று, இன்னும் கால் சுற்று என்று திருகினேன். மரை கழன்றது. (எனக்கும் கொஞ்சம் கழன்றிருந்ததாக வீட்டில் சொன்னார்கள்.) அன்றிலிருந்து கிளாம்ப் வாங்கும் முன் ஹோஸைக் குழாயில் மாட்டி, வெளிச்சுற்றை நூல் வைத்து அளந்துகொள்கிறேன்.

வார்ம் கிளாம்ப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டையில் சாய்வாக வெட்டிய பள்ளங்களில் ஸ்க்ரூவின் மரை கவ்வி இழுக்கும். நீளமாக ஓடும் என்பதால் ஒரே கிளாம்ப் பல அளவுகளுக்குப் பொருந்தும். ஐந்தாறு அளவு இருப்பு வைத்தால் கடைக்காரர் பிழைத்துக்கொள்வார். இந்த வசதிதான் உலகம் முழுக்க அதை நிலைநிறுத்திவிட்டது. இதன் பிறப்பிடம் அமெரிக்காவும் அல்ல. பிரிட்டிஷ் கடற்படையில் கமாண்டராக இருந்த லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை வாங்கிய ஜூபிலி கிளிப் இது. பிரிட்டனில் எந்த வார்ம் கிளிப்பையும் ஜூபிலி என்றே சொல்லிவிடுவார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் கிளாம்ப் என்னாமல் "ஹோஸ் கிளிப்" என்பதும் அந்த வழக்கின் வாசனைதான். அசல் ஜூபிலியில் ஒரு நுணுக்கம்: பட்டையில் மரை அழுத்திப் பதித்திருக்கும், துளைத்திருக்காது. துளைத்த பட்டையை ஓங்கி இறுக்கினால் ரப்பர் அந்தத் துளைகளில் பிதுங்கி, நாளடைவில் அறுபடும்.

கார்வெட்டுக்கே வார்ம் தவறு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1968-இல் உடல் மாறிய பிறகு வந்த வண்டிகளில் வார்ம்தான் அசல். அதையும் விட்டெக்தான் செய்தது, 'ஷ்யூர்-டைட்' என்ற பெயர் பதிந்திருக்கும். 1970 வண்டியில் டவர் மாட்டி "பழைய பாணி" என்று பெருமைப்படுவதும், 1965 வண்டியில் ஷ்யூர்-டைட் மாட்டுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். பழசாகத் தெரிவது வேறு, அந்த வருடத்துக்கு உரியது வேறு.

கிறைஸ்லர் குடும்பத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழ். பிளிமத், டாட்ஜ் வண்டிகளில் அந்தக் காலத்தில் ஸ்க்ரூவே இல்லாத ஸ்பிரிங் கிளாம்ப்தான் மாட்டினார்கள். கார்பின் கிளாம்ப் என்பார்கள். வளைத்த எஃகுக் கம்பி, இரண்டு காதுகள். காதுகளைச் சேர்த்து அழுத்தினால் வாய் விரியும், விட்டால் கவ்வும். பார்க்க மட்டமான சரக்கு போலத் தெரியும். அதனாலேயே முதல்முறை ஹோஸ் மாற்றிய மெக்கானிக் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வார்ம் போட்டிருப்பார். இன்று சந்தைக்கு வரும் பழைய மோபார் (கிறைஸ்லர் குடும்ப) வண்டியில் வார்ம் இருப்பதைப் பார்த்து அதுதான் அசல் என்று முடிவு கட்டுவது இப்படித்தான் நேர்கிறது.

வேலையில் பார்த்தால் எனக்கு ஸ்பிரிங்மேல் தனி மரியாதை உண்டு. ரப்பர் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஸ்க்ரூ கிளாம்ப் இறுக்கிய இடத்திலேயே நிற்கும், ஸ்பிரிங்கோ கூடவே போய்க் கூடவே வரும். பனிக்காலக் காலையில் வண்டிக்கு அடியில் நாலு சொட்டுக் கூலன்ட் கிடந்து, என்ஜின் சூடானதும் கசிவு நின்றுபோகும் மாயம், பெரும்பாலும் ஸ்க்ரூ கிளாம்ப் வண்டிகளில்தான். ஆனால் ஐம்பது வருட ஸ்பிரிங்கில் பிடி தளர்ந்திருக்கும். அதைக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டாதீர்கள். கழற்றும்போது அதற்கென்றே உள்ள இடுக்கி, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும். நழுவினால் முகத்துக்கு நேரே வரும்.

இரட்டைக் கம்பி வளையத்தை ஒரு ஸ்க்ரூ இழுத்து இறுக்கும் வகை இன்னும் பழைய வண்டிகளில் வரும். அது ஹோஸில் இரண்டு கோடாக வெட்டும். அந்த வண்டிக்கு உரியது என்றால் போடலாம், ஆசைக்காகப் போட வேண்டாம்.

வாங்கும் இடத்தில் மூன்று வழி. பயன்படாத பழைய இருப்பு கிடைத்தால் முத்திரையில் சந்தேகமே இருக்காது. விலை அதிகம், எல்லா அளவும் அமையாது. இப்போது அச்சு அசலாகச் செய்யும் மறுபதிப்பு, என் கணக்கில் பெரும்பாலோருக்குப் போதும், எழுத்துகளின் வடிவமும் ஆழமும் அசல் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால். சும்மா "கிளாசிக் ஸ்டைல்" என்று விற்பது மூன்றாவது. டவர் வடிவத்திலேயே ஸ்டெயின்லெஸ் பட்டையில் வரும், முத்திரை இருக்காது. காந்தம் வைத்துப் பாருங்கள்: முலாம் பூசிய சாதா எஃகு 'டக்'கென்று ஒட்டும், வழக்கமான ஸ்டெயின்லெஸ் மழுப்பும். சில ரக ஸ்டெயின்லெஸும் ஒட்டும் என்பதால், ஒட்டாததைத் தள்ளலாமே தவிர ஒட்டியதை அசல் என்று சொல்லிவிட முடியாது.

பழைய ஹோஸ் கழற்றாமல் இருந்தால் அதிர்ஷ்டம். அவசரப்பட்டு அறுத்து எறியாமல், ரப்பரில் பதிந்த தடத்தைப் பாருங்கள். அகலப் பட்டையா, கம்பியா, ஸ்க்ரூ எந்தப் பக்கம் பார்த்தது என்று அது சொல்லும், ஹோஸ் அசலாக இருக்கும் பட்சத்தில். இல்லையென்றால் தொழிற்சாலையின் அசெம்பிளி கையேடு, அதுவும் இல்லையென்றால் கைபடாத வண்டிகளின் படங்கள்.

எது போட்டாலும் குழாய் விளிம்பில் புடைத்திருக்கும் வரம்பைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். 15 பவுண்டு அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. வரம்பின்மேல் உட்கார்ந்த கிளாம்ப் அந்த அழுத்தத்தில் ஹோஸோடு சேர்ந்து பிடுங்கிக்கொள்ளும்.

என் அலமாரியில் இரண்டு டப்பா இருக்கிறது. ஒன்றில் முத்திரையுள்ள டவர்கள், கண்காட்சிக்கும் பக்கத்து ஊர் ஓட்டத்துக்கும். மற்றதில் துளைகள் ரப்பரை அறுக்காதபடி உள்பட்டை வைத்த வார்ம்கள், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் பயணங்களுக்கு. மாற்ற அரைமணி நேரம் ஆகிறது, கூலன்ட்டை வடிப்பதற்குத்தான் அதில் பாதி.