பழைய டிசி டிராக்கில் அல்கோ சத்தம்: ப்ளூநாமி டீகோடர் எப்படி இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மாடல் ரயில் ஓட்டச் சின்ன லேஅவுட், டிசிசி (டிஜிட்டல் கட்டளையில் ஓட்டும் முறை) கருவி எதுவும் இல்லை, ஆனால் லோகோ சத்தம் போட்டு ஓட வேண்டும் என்பவர்கள், லோகோவுக்குள் வைத்துப் போனிலிருந்து ஓட்டும் சத்தப் பலகையான சவுண்ட்டிராக்ஸ் ப்ளூநாமியைத் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே டிசிசி வைத்து நாலைந்து லோகோ ஓட்டுபவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

விஷயம் புதியவர்களுக்காகக் கொஞ்சம். பழைய டிசி முறையில் டிராக்கில் வோல்ட்டேஜைக் கூட்டினால் வண்டி வேகமாக ஓடும், பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னால் போகும். ஒரே டிராக்கில் இரண்டு லோகோவை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கி, 1990களில் அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்ட டிசிசி இதைத் தீர்த்தது. டிராக்கில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகவே வரும், லோகோவுக்குள் இருக்கும் டீகோடர் தனக்கு வந்ததை மட்டும் கேட்டுக்கொள்ளும். ப்ளூநாமியில் மின்சாரம் தண்டவாளத்திலிருந்துதான் வருகிறது, கட்டளை மட்டும் போனிலிருந்து ப்ளூடூத்தில் வருகிறது. டிராக்கில் டிசி இருந்தாலும் சரி, டிசிசி இருந்தாலும் சரி. நான் ஒரு 15 வோல்ட் அடாப்டரின் இரண்டு ஒயரை டிராக்கில் பிடித்துவைத்திருக்கிறேன், மின் ஏற்பாடு அவ்வளவுதான்.

இதே ப்ளூடூத் அடிப்படையில் இதற்கு முன்பு பாக்மன் கம்பெனி ஈ-இஸட் ஆப் என்று லோகோக்களை விற்றது. அதில் சத்தம் போனிலிருந்தோ, பக்கத்தில் வைக்கும் ஸ்பீக்கரிலிருந்தோ வரும். ரயில் அந்த மூலையில் போகும், ஹார்ன் நம் சட்டைப் பையில் அடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை கூட ஏமாறாது. ப்ளூநாமியில் சத்தம் லோகோவுக்குள்ளேயே இருக்கிறது. சவுண்ட்டிராக்ஸின் டிசிசி டீகோடரான சுனாமி2 தரும் அதே ஒலி வகை.

நான் இதைப் போட்டது பவுசர் கம்பெனியின் எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாடலில், அமெரிக்க லோகோ கம்பெனியான அல்கோவின் சி-628 டீசல். சத்தமில்லாத சாதா டிசி லோகோவாக வாங்கியது. பென்சில்வேனியாவில் இருக்கிறேன், ஸ்க்ராண்டன் பக்கம் போனால் டெலவேர்-லாக்கவன்னா என்ற சின்ன ரயில்வே இன்னமும் அல்கோக்களை வைத்துச் சரக்கு இழுக்கிறது. ஆனால் எனக்கு அல்கோ மேல் பைத்தியம் பிடித்தது அங்கே இல்லை, திருச்சி பொன்மலையில். நம்ம ஊர் டீசல் லோகோ டபிள்யூடிஎம்-2 அல்கோ வடிவமைப்புதான். முதல் வண்டிகள் 1962இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியிலிருந்து வந்தன, 1964 முதல் வாரணாசியில் கட்டினார்கள். மெயின் லைனில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் இழுத்த ஒய்டிஎம்-4 லோகோவிலும் அல்கோவின் 251 ரக என்ஜின்தான், ஆறு சிலிண்டர். சி-628க்கும் டபிள்யூடிஎம்-2க்கும் பதினாறு சிலிண்டர் 251. அல்கோ 1969இல் லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது, அந்த என்ஜின் இந்தியாவில் பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால் ப்ளூநாமியில் அல்கோ வகை கிடைக்கிறது என்றதும் கை நிற்கவில்லை.

வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் என்றும், டீசல் லோகோ கம்பெனிகளான இஎம்டி, ஜிஇ, அல்கோ என்றும் வகைவகையாக விற்கிறார்கள், ஒன்றின் சத்தம் இன்னொன்றில் வராது. நான் ஆர்டர் போட்ட கடை முதலில் ஸ்டீம் வகையை அனுப்பிவைத்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் ஆர்வம் பாதி வடிந்துவிட்டது. பார்சலைப் பிரித்ததும் லேபிளைப் படியுங்கள், சால்டரிங் அயர்னை அப்புறம் சூடாக்கலாம்.

மாட்டுவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒயர் நிறமெல்லாம் டிசிசி வழக்கப்படியே: சிவப்பும் கறுப்பும் சக்கரத்திலிருந்து வருவது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது, ஊதா இரண்டும் ஸ்பீக்கருக்கு. எல்இடி போட்டால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் அவசியம். மோட்டாரின் இரண்டு முனையும் லோகோவின் உலோகச் சட்டத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரை ஒட்டுங்கள், தொட்டால் டீகோடர் போய்விடும். ப்ளூடூத் என்பதால் இன்னொரு கவனமும் உண்டு. டீகோடரை உலோக எடைக்கட்டிகளுக்கு நடுவில் புதைத்தால் சிக்னல் பலவீனமாகும். என் லோகோவின் மேல் மூடி பிளாஸ்டிக், எடைக்கு மேலே மின்சாரம் கடத்தாத கேப்டன் டேப் ஒட்டி அதன் மேல் படுக்கவைத்தேன், அறை முழுக்கத் தொடர்பு அறுவதில்லை. உடம்பே வார்ப்பு உலோகமாக இருக்கும் லோகோக்களில் இதை யோசித்துச் செய்யவேண்டும்.

ஸ்பீக்கரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இதன் சத்தம் சரியில்லை என்று குறை சொல்பவர்களில் பலர் ஸ்பீக்கரைக் கூண்டு இல்லாமல் வெறுமனே தொங்கவிட்டவர்கள். கூண்டில்லாத ஸ்பீக்கரின் முன் பக்கக் காற்றும் பின் பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கீழ் ஸ்தாயி காணாமல் போகும். 11க்கு 15 மில்லிமீட்டர் சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கரே போதும், ஆனால் கூண்டில் காற்று கசியாதபடி ஓரமெல்லாம் பசை பூசி அடைக்கவேண்டும்.

சரி, சத்தம். அல்கோ ஐடிலில் நிற்கும்போது சீராக உறுமாது. இரண்டு தட்டு தட்டி, ஒரு கணம் யோசித்து, மறுபடி தட்டும். அந்த யோசனை இந்தக் குட்டி ஸ்பீக்கரில் அப்படியே இருக்கிறது. நாட்ச் (த்ராட்டில் படி) ஏற்றினால் முதலில் என்ஜின் முக்குகிறது, அதன் பின்னால் டர்போவின் விசில் மெல்ல எழுகிறது. நிஜ வண்டியில் டீசல் உடனே பாய்ந்துவிடும், டர்போ சுற்றிக் காற்று கொடுக்க நேரமாகும். அல்கோ கிளம்பும்போது கரும்புகை கக்குவது இதனால்தான்.

பொன்மலை ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு வீடியோ காலில் ஓட்டிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்டார். “என்ன மாப்ள, நாட்ச் ஏத்துன உடனே வண்டி ஓடுது? முதல்ல சத்தம் ஏறணும், அப்புறம்தான் வண்டி அசையணும். பின்னால லோடு இருக்குல்ல?”

அவர் கேட்டது ஆப்பிலேயே இருக்கிறது. டிசிசிக்காரர்கள் சிவி 3, சிவி 4 என்று எண் போட்டு மாற்றுகிற விஷயத்தை இங்கே வண்டி வேகம் எடுக்கும் நேரம், வேகம் குறையும் நேரம் என்று விரலால் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் நன்றாகக் கூட்டிவைத்தேன். என்ஜின் சுழற்சியைத் தனியாக ஏற்றவும் இறக்கவும் பொத்தான் உண்டு, பிரேக்குக்கும் தனிப் பொத்தான். இப்போது கிளம்பும்போது சத்தத்தை இரண்டு படி ஏற்றிவிட்டு த்ராட்டிலைத் திறந்தால் வண்டி நிஜமாகவே பாரம் இழுப்பதுபோல நகர்கிறது. நிறுத்த வேண்டுமானால் த்ராட்டிலை மூடினால் மட்டும் போதாது, உருண்டுகொண்டே இருக்கும், பிரேக்கைப் பிடிக்கவேண்டும். நாலு பெட்டிக்கு முன்னால் கணக்குப் போட்டுப் பிரேக் பிடிக்கிற விளையாட்டு வந்தபிறகு சும்மா வட்டமாக ஓடவிடுவதில் சுவாரசியம் போய்விட்டது.

ஹார்ன் பட்டியல் நீளம், ஆனால் லெஸ்லி, நேதன் என்று எல்லாம் அமெரிக்கக் குரல். நம்ம ஊர் ரயிலின் இரட்டை ஹார்னை எதிர்பார்த்து நம்மவர்கள் வாங்கவேண்டாம். சத்தக் கோப்பை நாமே ஏற்றிக்கொள்ளும் வசதியும் இதில் இல்லை. அது வேண்டுமானால் ஜெர்மனியின் ஈஎஸ்யு கம்பெனியின் லோக்சவுண்ட் டீகோடர் பக்கம் போகவேண்டும், அதற்கு லோக்புரோகிராமர் என்ற தனிக் கருவி வாங்கவேண்டும், எல்லா வசதியோடும் ஓட்ட டிசிசியும் வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது கண்ணாடித் திரை. கையில் குமிழ் இருந்தால் ரயிலைப் பார்த்துக்கொண்டே திருகலாம், இதில் போனைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஷண்டிங் செய்யும்போது எரிச்சலாக வரும். ஒரு லோகோவை ஒரு நேரத்தில் ஒரு போன்தான் பிடிக்க முடியும் என்பதும் பிள்ளைகள் கூடும் நாளில் சண்டைக்கு வழி.

‘தண்டவாளம் துடைக்கவே வேண்டாம்’ என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். கட்டளைக்குத் தண்டவாளம் தேவையில்லை, மின்சாரத்துக்குத் தேவை. அழுக்கில் ஏறினால் சத்தம் விக்கும், வண்டி நிற்கும். கரென்ட்கீப்பர் என்ற சேமிப்பான் சேர்த்தால் சின்ன இடைவெளிகளைத் தாண்டிவிடும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் துணியும் அப்போதும் வேண்டும். தண்டவாளம் சுற்றிவந்து தன்னையே சேரும் லூப் இருந்தால் அங்கே பழையபடியே ஷார்ட் ஆகும். இந்த இரண்டு தொல்லையும் ஒழிய வேண்டுமானால் பேட்டரியை வண்டிக்குள் வைக்கவேண்டும். தோட்டத்தில் பெரிய வண்டி ஓட்டுபவர்கள் 4 ஆம்பியர் தாங்கும் ப்ளூநாமி 4408ஐ அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். எச்ஓவில் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு.

சென்னையிலோ கோவையிலோ இருந்து கேட்பவர்களுக்கு: கஸ்டம்ஸ் வரி சேர்ந்தால் கை கடிக்கும். போனில் ஓட்டுவது மட்டும்தான் ஆசை என்றால் ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டார் ஷீல்டு, வைஃபை பலகை வாங்கி, டிசிசி கட்டளை அனுப்பும் டிசிசி-இஎக்ஸ் மென்பொருளை ஏற்றுங்கள். மென்பொருளும் இலவசம், ஆண்ட்ராய்டில் என்ஜின் டிரைவர் ஆப்பும் இலவசம். ஒவ்வொரு லோகோவுக்கும் டீகோடர் தனியாக வாங்கவேண்டும் என்பது அங்கும் மாறாது, ஆனால் லோகோ கூடக் கூட அந்த வழிதான் மலிவு. சத்த டீகோடர் விலையோடு ப்ளூடூத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு வண்டிக்கும் காசு கொடுப்பது ஓரிரண்டு லோகோ வரைக்கும் சரி. எனக்கு இன்னும் ஒரு ப்ளூநாமி வாங்கும் எண்ணம் இருக்கிறது, அல்கோ சி-420க்கு, அது பன்னிரண்டு சிலிண்டர். அதற்கு மேல் போனால் நானும் ஆர்டுயினோதான்.