ஜப்பானிய மேன் பக்கங்கள்: லாங்கை மாற்றுவதா, மேனிடம் மட்டும் சொல்வதா?

லினக்ஸில் மேன் பக்கங்கள் எனப்படும் கட்டளைக் கையேடுகளை (மேன் என்ற கட்டளை திறப்பவை) ஜப்பானிய மொழியில் படிக்க இரண்டு வழிகள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இரண்டுக்கும் முதலில் மேன்பேஜஸ்-ஜேஏ தொகுப்பை நிறுவ வேண்டும்.

முதல் வழி, நிரல்கள் எந்த மொழியில் பேச வேண்டும் என்று சொல்லும் லாங் மாறியையே ஜப்பானிய யுடிஎஃப்-8 லோகேலுக்கு (மொழி, வட்டார, எழுத்துக்குறியீட்டு அமைப்பு) மாற்றுவது. கையேடு மட்டுமல்ல, பிழைச் செய்திகள், தேதி வடிவம் எல்லாமே மாறும். அந்த லோகேல் கணினியில் முன்பே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். லாங்கை மீறும் எல்சி_ஆல் என்ற மாறி வேறு மதிப்பில் இருந்தால் லாங்கை மாற்றியும் பயன் இல்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, மேன் கட்டளைக்கே மொழியைச் சொல்வது. மேன் கட்டளையைத் தரும் மேன்-டிபி தொகுப்பு உள்ள கணினியில் மேன் என்று அடித்து, ஹைஃபனோடு பெரிய எல், அடுத்து ஜேஏ, கடைசியில் எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) என்று கொடுத்தால் அந்தப் பக்கம் மட்டும் ஜப்பானிய மொழியில் திறக்கும். மற்ற நிரல்கள் பழைய மொழியிலேயே பேசும். பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் தேட வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மொழிபெயர்ப்புகள் மூலத்துக்குப் பின்தங்குவது உண்டு; புதிதாக வந்த ஒரு ஆப்ஷன் ஜப்பானியப் பக்கத்தில் இல்லாமல் போகலாம். அப்போது பக்கத்து ஜன்னலில் வெறும் மேன் எல்எஸ் அடித்து ஆங்கில மூலத்தோடு ஒப்பிடுவது சுலபம். நாள் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே வேலை செய்பவர் என்றால் முதல் வழியே சரி.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் இரண்டு வழிகளிலும் குற்றம் இல்லை. ஜப்பானிய எழுத்துகள் உள்ள நோட்டோ சிஜேகே போன்ற எழுத்துரு வேண்டும். வரைகலை இல்லாத வெறும் கன்சோலில் எழுத்துரு 512 வடிவங்களைத் தாண்டாது. ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்துகள் அதில் அடங்காது.