ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கொலை: ரயில் பிரமாதம், விசாரணையில்தான் அவசரம்

அகதா கிறிஸ்டியின் 1934 நாவலை 2017-ல் மறுபடி படமாக்கியவர் கென்னத் பிரானா. துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவாக நடித்திருப்பதும் அவரே. முடிவை இங்கே உடைக்கவில்லை. நாவல் படிக்காதவர்களும் பயமில்லாமல் வாசிக்கலாம்.

புவாரோ பயணம் செய்யும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில் பனியில் மாட்டிக்கொள்கிறது. பயணிகளில் ஒருவரான ராட்செட் (ஜானி டெப்) தன் கூபேயில், அதாவது படுக்கை வசதியுள்ள தனி அறையில், பன்னிரண்டு கத்திக்குத்துகளோடு செத்துக் கிடக்கிறார். கொலையாளி ரயிலுக்குள்தான் இருந்தாக வேண்டும்.

நாவலின் மூன்று பாகங்களில் நடுப்பாகம் முழுக்க வாக்குமூலம்தான். பயணிகள் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். எங்கே இருந்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று ஏறக்குறைய அதே கேள்விகள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு எங்கே இடிக்கிறது என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொண்டே வரலாம். 114 நிமிடப் படமோ ஜெருசலேமில் ஒரு திருட்டு வழக்கோடு ஆற அமரத் தொடங்குகிறது. விசாரணைக்கு வரும்போது நேரம் போதவில்லை. பதில்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கோத்துவிடுகிறார்கள். 'எச்' எழுத்துக் கைக்குட்டை, பைப் சுத்தம் செய்யும் கம்பி, 1:15-க்கு நின்ற கடிகாரம் எல்லாம் வருகின்றன. எதையும் நிதானமாகப் பார்க்க விடுவதில்லை. நாவலில் கொலை நடந்த 'கலே' பெட்டியின் வரைபடமே உண்டு. இரண்டு கூபேக்களுக்கு நடுவிலுள்ள கதவில் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுகூட அங்கே ஒரு தடயம். படம் பார்க்கிறவருக்கு யார் எந்த கூபே என்பதே பிடிபடாது.

திரைக்கதையாசிரியர் மைக்கேல் கிரீன் பயணிகளில் ஒருவரான கர்னல் அர்பத்நாட்டையும், பிணத்தைப் பரிசோதிக்கும் டாக்டர் கான்ஸ்டன்டைனையும் ஒரே ஆளாக்கிவிட்டார். பாத்திரம் ஒன்று குறைந்தது லாபம்தான். ஆனால் நாவலின் டாக்டர் வேறு பெட்டியில் வந்தவர், சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர். அதனால்தான் காயங்களைப் பற்றி அவர் சொல்வதை நம்ப முடிகிறது. இங்கே பிணத்தைப் பரிசோதிப்பவரே சந்தேகப் பட்டியலில் இருக்கிறார். நல்ல முடிச்சாகியிருக்க வேண்டியது. படம் அதைப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இதே நாவலை வைத்து 1974-ல் சிட்னி லுமெட் எடுத்த படத்தில் இங்கிரிட் பெர்க்மனின் வாக்குமூலம் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா அவர் முகத்தை விட்டு நகராது. அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. அதே இடத்தில் இப்போது வரும் பெனலோப்பி குரூஸுக்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை. மிச்செல் ஃபைஃபர் மட்டும் கிடைத்த இடத்திலெல்லாம் விளாசுகிறார்.

65 மி.மீ. ஃபிலிமில் ஹாரிஸ் ஜாம்பர்லூகோஸின் ஒளிப்பதிவு கண்ணை நிறைக்கிறது. பட்டை தீட்டிய கண்ணாடி வழியே ஒரே முகம் இரண்டு மூன்றாகப் பிளந்து தெரிவது, எல்லோரும் பொய் சொல்லும் கதைக்குக் கச்சிதம். பிணத்தைக் கண்டுபிடிக்கும் காட்சியை நேர் மேலிருந்து நடைவழியில் எடுத்திருக்கிறார்கள். பார்க்க ஜோர். ஆனால் கொலை நடந்த கூபே நம் கண்ணில் சரியாகப் படாமல் போகிறது. துப்பறியும் படத்தில் அது சின்ன நஷ்டமில்லை. மரப்பாலத்தில் துரத்தல், துப்பாக்கிச் சூடு இரண்டும் வேண்டாத சேர்க்கை. உட்கார்ந்து யோசித்தே ஜெயிக்கிற ஆளுக்கு ஓட்டம் எதற்கு? புவாரோவின் மீசையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அதற்குத் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

புதிரை நீங்களே அவிழ்க்க ஆசையா? நாவலை முடித்துவிட்டு வாருங்கள். ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் 1974. இதைப் பார்ப்பதானால் பெரிய திரையில் பாருங்கள். போனில் பார்த்தால் இதன் பலம் பாதி போய்விடும்.

கடைசியில் நைல் நதியில் கொலை நடந்துவிட்டதென்று புவாரோவை அழைக்க ஆள் வருகிறார். கிறிஸ்டியின் 'டெத் ஆன் தி நைல்' கதையிலோ அவர் கப்பலில் இருக்கும்போதுதான் கொலையே விழும். 2022-ல் பிரானாவே எடுத்த அடுத்த படத்திலும் அப்படித்தான். இந்த அழைப்பை அவர்களே மறந்துவிட்டார்கள் போல.