மீன் தீவனத்தில் புரதத்துக்கு மீன்தூளா, கோழிக்கழிவுத் தூளா?

கடலூர் துறைமுகத்தில் நல்ல மீன் ஏலத்துக்குப் போனபின் மிஞ்சும் பொடிமீனும் நசுங்கலும்தான் சங்காயம். காயவைத்து அரைத்தால் மீன்தூள். நல்ல சரக்கில் புரதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வாசனைக்கே மீன் ஓடிவரும். ஆனால் மணல் கலந்த மலிவுச் சரக்கும் இதே பெயரில்தான் விற்கிறது. ஒரு பிடியைத் தண்ணீர் டம்ளரில் கலக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், அடியில் மணல் படிவது தெரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு.

கோழிக்கழிவுத் தூளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தலை, கால், குடலை வேகவைத்து, கொழுப்பைப் பிழிந்து அரைப்பது. புரதம் ஏறக்குறைய மீன்தூள் அளவுதான். மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் (புரதத்தின் அங்கங்கள்) குறைவு, தனியாகச் சேர்க்கவேண்டும். கடல் மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பும் இதில் கிடைக்காது, அதற்கு மீன் எண்ணெய்தான் வழி. இறகுத் தூள் மூட்டையில் 80 சதவீதப் புரதம் என்று போட்டிருப்பார்கள். மயங்காதீர்கள், அழுத்தத்தில் வேகாத இறகு மீனுக்குச் செரிக்காது.

மாட்டு மூளை நோய்ப் பயத்தில் 2001இல் விலங்குப் புரதத்தைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியமே, பன்றி, கோழித் தூளை 2013இல் மீன் தீவனத்துக்குத் திரும்ப அனுமதித்தது.

ரோகு, கட்லாவுக்கு இரண்டுமே ஆடம்பரம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போதும். கிள்ளைப் பக்கம் மற்ற மீனைத் தின்னும் கொடுவா மீன் வளர்ப்பவர் என்றால், குஞ்சுக்கு மீன்தூள், வளர்ந்தபின் பாதிக்குப் பாதி. என் கை அப்படித்தான் கலக்கும்.