கூறை எடுக்கப் போன கடையில் ஒரு பாலூட்டும் அறை

யாழ்ப்பாணத்தில் கூறைச்சேலை எடுப்பது ஒரு மணித்தியாலத்தில் முடிகிற அலுவல் அன்று. கணவரின் தம்பிக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமானதும் கூறை எடுக்கும் பொறுப்பு மாப்பிள்ளை வீட்டாராகிய எங்களிடம் வந்தது. மாமியும் நானும் நான்கு மாதம் நிரம்பிய என் மகளுமாக நெல்லியடியிலிருந்து நகரத்துக்கு வெளிக்கிட்டோம். பெண் வீட்டார் மூவர் நேரே கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பெண்கள் ஒரு நிறத்தில் உடன்படுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். என் மகளோ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் தேடுகிறவள். ஆகவே பட்டின் தரத்தையும் விலைக்கழிவையும் மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, நான் விசாரித்தது பிள்ளைக்குப் பால் கொடுக்க அங்கே இடம் இருக்கிறதா என்பதைத்தான். கஸ்தூரியார் வீதிப் பக்கமுள்ள பெரிய புடைவைக் கடை ஒன்றில் அதற்கெனத் தனி அறை இருப்பதாகக் கிளினிக்கில் பக்கத்திலிருந்த தாய் ஒருவர் சொன்னார். அந்த அறையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளிற் பல அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல.

அறை இரண்டாம் மாடியில், சிறுவர் ஆடைப் பகுதியைக் கடந்து ஒரு மூலையில் இருக்கிறது. மின்தூக்கி இருப்பது பெரிய நன்மை, ஏனென்றால் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கு முதல் வாரங்களில் படியேறுவது இலேசானதன்று. கதவில் "பாலூட்டும் அறை" என்று தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே ஒட்டியிருந்த படம்தான் என்னைச் சற்று நிற்க வைத்தது: சூப்பி பூட்டிய ஒரு பாற்போத்தல். தாய்ப்பால் கொடுப்பதற்கென ஒதுக்கிய அறையின் கதவில் போத்தலை ஒட்டுவது, சைவச் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் மீனை வரைவதற்கு ஒப்பானது. சின்ன விடயம் என்று தோன்றலாம். ஆனால் தாய்ப்பாலுக்குப் பதிலீடாக விற்கப்படும் பால்மா வகைகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு விதிக்கோவையை உலக சுகாதாரப் பேரவை 1981இலேயே ஏற்றுக்கொண்டது. போத்தலும் சூப்பியும்கூட அதில் அடங்குகின்றன. எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோமோ அதுவே வழமை என்று மனத்தில் பதிந்துவிடும் என்பது அந்த விதிக்கோவையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை அணைத்திருக்கும் தாயின் உருவம் கொண்ட, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய சின்னம் ஒன்று 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதை அச்சிட்டு ஒட்டுவதற்குக் கடைக்கு ஒரு தேநீரின் விலைகூடச் செலவாகாது.

கதவு பூட்டியிருந்தது. திறப்பு கீழ்த்தளத்தில், காசு கட்டும் இடத்தில் இருப்பதாக அருகில் நின்ற விற்பனைப் பெண் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் படிக்கட்டுக் கைபிடியில் சாய்ந்துகொண்டு, "அண்ணை, இந்த அக்கா பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறாவாம், திறப்பை மேல அனுப்புங்கோ" என்று கூவினார். அவர் உதவத்தான் நினைத்தார், அதில் ஐயமில்லை. ஆனால் வேட்டிப் பகுதியில் நின்ற ஆண்கள் உட்படப் பலரின் தலைகள் நிமிர்ந்தன, திறப்பு வந்து சேர்வதற்குள் பிள்ளை அழுது சிவந்துபோனாள். பால் இறங்குவது ஒக்சிடோசின் என்ற ஓமோனின் வேலை. பிள்ளையின் அழுகை காதில் விழுந்தாலே சிலருக்கு அது சுரக்கத் தொடங்கிவிடும், பதற்றமும் கூச்சமும் சேர்ந்தால் அது தடைப்படும். அன்று எனக்கு நடந்தது இரண்டாவது. பிள்ளை வாய் வைத்து உறிஞ்சியும் சில நிமிடங்கள் பால் இறங்கவில்லை. மறைவிடம் தருவதற்காகக் கட்டிய அறை, நான் அதற்குள் போய்ச் சேர்வதற்கு முன்னரே என்னைக் கடை முழுவதற்கும் அறிவித்துவிட்டது.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். ஆறடிக்கு ஐந்தடி இருக்கும். முன்னர் உடை மாற்றிப் பார்க்கும் அறையாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆளுயரக் கண்ணாடி இன்னும் சுவரில் இருக்கிறது. மின்விசிறி நன்றாக வேலை செய்தது. பையைத் தொங்கவிடக் கொளுக்கி உண்டு. ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதன் பின்னால் தோளுயரத்துக்கு அடுக்கிய சேட்டுப் பெட்டிகள், அவற்றிலிருந்து வரும் கஞ்சி போட்ட புதுத் துணியின் வாசம். கதிரையின் கைகள் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததால் பிள்ளையைக் குறுக்காகக் கிடத்த முடியவில்லை, அவளது கால் ஒவ்வொரு முறையும் இடித்தது. கடைசியில் கதிரையின் விளிம்புக்கு வந்து, ஒரு சேட்டுப் பெட்டியை இழுத்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது, பிள்ளையும் மார்புக்கு நேரே உயர்ந்து வாய் நிறையப் பிடித்துக்கொண்டாள். பாலூட்டும் அறைக்குத் தேவையானது என்ன என்று யாராவது கேட்டால், கைகள் இல்லாத ஒரு கதிரையும் காலுக்கு ஒரு பலகையும் என்றுதான் சொல்வேன். கை கழுவ நீர்க்குழாய் இல்லை. இருந்தாலும் இந்த அறையை மலசலகூடத்தோடு சேர்த்துக் கட்டாமல் விட்டதற்காகக் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். வேறோர் இடத்தில் "பாத்ரூமுக்குள்ள இருந்து குடுக்கலாமே" என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, சொன்னவர் தன் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிடுவாரா என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

என் பக்கத்துப் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உடுத்தியிருந்தது முதுகுப் பக்கம் சிப் வைத்த பஞ்சாபி. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுப்பதென்றால் பாதி உடையைக் கழற்ற வேண்டும், பூட்டிய கதவு இல்லாமல் அது முடியாது. என் அம்மம்மா எட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர். திண்ணையிலும், கோயில் மடத்திலும், பருத்தித்துறை பஸ்ஸிலும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக் கொடுத்தாராம், பக்கத்தில் இருப்பவர் வெற்றிலை போட்டுக்கொண்டு கதையைத் தொடர்வாராம். நமது பெண்கள் திடீரென்று கூச்சம் மிகுந்தவர்களாகிவிட்டார்கள் என்று குறை சொல்கிறவர்கள், உடை மாறியதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கடையில் முன்பக்கம் திறக்கக்கூடிய, அல்லது பக்கவாட்டில் மறைவான திறப்பு வைத்த பஞ்சாபி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மாடி முழுவதும் பஞ்சாபி தொங்குகிற கடையில் அப்படி ஒன்றுகூட இல்லை. அறை கட்டியவர்களுக்கு இது தோன்றவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இரண்டாவது தடவை பிள்ளை பசித்தபோது நேரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது. திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனால் அறை திறந்திருந்தது. உள்ளே விற்பனைப் பெண்கள் இருவர் பெட்டிகளில் சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்கள், நான்தான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கீழே வந்தேன், பசித்த வாயோடு இன்னொருவரை எழுப்ப மனம் வரவில்லை. கூறைப் பகுதியில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த வயதான ஐயா என் கையில் பிள்ளை நெளிவதைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் கேட்காமல் தூணோடு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "பிள்ளைக்குப் பசிக்குது போல. இதில இருந்து குடுங்கோ தங்கச்சி, நான் அங்கால நிண்டு சீலை காட்டுறன்" என்றார். பிறகு மேசையின் மறு தலைப்புக்குப் போய் அரக்கு நிறக் கூறை ஒன்றை எடுத்து, அதன் தலைப்பை இரு கையாலும் உயர்த்தி உதறி விரித்தார். சரிகை விளக்கில் மின்னியது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

மாமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. துவாயைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையோடு என் தோளையும் சேர்த்து மூடி, "நாவூறு படும் பிள்ளை, நாலு பேர் நிக்கிற இடம்" என்றார். வெட்கத்தைவிட நாவூறுதான் அவருடைய கவலை என்பதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். பால் கொடுக்கும் தாயை மூடச் சொல்கிற எல்லோரையும் ஒரே தராசில் வைத்து நாங்கள் கோபிப்பது சரியில்லை; மாமி சொன்னதில் இருந்தது பேத்தியின் மீதான பயம், அதற்குச் சொல்ல வேண்டிய பதிலும் வேறு. பிள்ளைக்கு வியர்க்கிறது என்று துவாயை எடுத்தேன். உடனே அவர் எனக்கு முன்னால் சுவர்போல நின்றுகொண்டார். ஐந்து நிமிடம் நின்றிருப்பார். அதற்குள் ஐயா இரண்டாவது கூறையை விரித்துவிட்டார், அதன் கரையில் கட்டம் சரியில்லை என்று பெண்ணின் தாய் சொன்னார், மாமி தன்னை மறந்து அந்தப் பக்கம் நகர்ந்தார். சுவர் போய்விட்டது. பிள்ளை கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது ஒன்று உண்டு என்றால், வேறொரு வாடிக்கையாளரான அம்மா ஒருவர் அருகே வந்து, இந்த வெயிலுக்குப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீரும் பருக்கலாமே என்றதுதான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரும் வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்வதையும், தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் நீர்தான் என்பதையும் சொன்னேன். "அப்பிடியே?" என்று கேட்டுவிட்டு, தன் காலத்தில் முருங்கையிலையும் உள்ளியும் போட்ட பாற்சுறாக் கறி இல்லாமல் பிள்ளை பெற்றவளுக்குச் சோறு வைப்பதில்லை என்று தொடங்கினார். அரை மணித்தியாலம் அந்தக் கதை போனது. பூட்டிய அறைக்குள் இருந்திருந்தால் இந்தக் கதை நிகழ்ந்திராது.

இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டியது. உலகில் பல நாடுகள் எட்டாத அளவு அது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவ்வளவு பிள்ளைகள் பால் குடிக்கிற நாட்டில் நகரத்துக் கடைவீதியில் ஒரு பிள்ளை பால் குடிப்பதைக் காண்பது அரிதாக இருக்கிறது. தாய்மார் வெளியே வருவதில்லை, அல்லது வரும்போது போத்தலோடு வருகிறார்கள். போத்தல் ஒரு தடவை கொடுத்தால் அந்த நேரத்துப் பால் மார்பில் தங்கிவிடும், வெளியேறாமல் தங்கத் தங்கச் சுரப்பும் குறையும். கூறை எடுக்கிற ஒரு நாள் பரவாயில்லை. வேலைக்குத் திரும்புகிறவருக்கு அது நாளாந்தக் கணக்கு.

இதை எழுதத் தூண்டியதும் அப்படி ஒருவர்தான். இரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக மீண்டும் போனபோது, முதல் நாள் திறப்புக்காகக் கூவிய அதே பெண் தனக்கும் எட்டு மாதக் குழந்தை இருப்பதாகவும், காலையில் கொடுத்துவிட்டு வந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் என்றும் சொன்னார். அந்த அறையில் பால் எடுத்து வைப்பதில்லையா என்று கேட்டேன். "அது கஸ்டமருக்கு, அக்கா" என்றார். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்பது நமது நாட்டுச் சட்டம். வேலையிடத்தில் பிள்ளையைப் பார்க்கும் வசதி இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம், அதுவும் சாப்பாட்டு இடைவேளைக்குப் புறம்பாக. அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. மேலாளரிடம் அறையின் திறப்பு, பெட்டிகள், கதவுப் படம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, யாரையும் சுட்டாமல், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கிப் படித்தார்.

மூன்றாவது தடவை, தைத்த இரவிக்கையை எடுக்கப் போனபோது, திறப்பு கதவிலேயே தொங்கியது, உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். பெட்டிகளில் பாதி போய்விட்டன. கதிரை அதே கதிரை. போத்தல் படம் அப்படியே இருக்கிறது. ஊழியர் இடைவேளை பற்றிக் கேட்டதற்கு முதலாளியுடன் கதைக்க வேண்டும் என்று பதில் வந்தது. நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு மறுபடி கேட்பேன்.

அறைக்கு ஐந்துக்கு இரண்டரை. தூணோடு இழுத்துப் போட்ட கதிரைக்கு முழுதாக ஐந்து. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னர் போவது நல்லது, அதன் பிறகு அறை ஊழியர்களின் சாப்பாட்டு நேரத்துக்குள் விழுந்துவிடும். முதுகில் சிப் வைத்த உடையைத் தவிருங்கள். பெரிய கைக்குட்டை ஒன்று கொண்டுபோங்கள், கை கழுவ இன்னும் வசதி இல்லை. கூறை அந்த அரக்கு நிறத்திலேயே எடுத்தோம்.