அனலாக் சுற்று: செயல்பாட்டுச் சோதனையா, பழுதுநோக்குச் சோதனையா?

தொடர்ச்சியாக மாறும் சிக்னலைக் கையாளும் அனலாக் சுற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள். செயல்பாட்டுச் சோதனையில் ஒரு பெருக்கியின் பெருக்கம், பட்டையகலம் (அது கையாளும் அதிர்வெண்களின் வீச்சு), இரைச்சல் எல்லாவற்றையும் அளந்து, டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நம்பகமானது, ஆனால் நேரம் பிடிக்கும்.

பழுதுநோக்குச் சோதனையில் எங்கே ஷார்ட் ஆகலாம், எங்கே இணைப்பு அறலாம் என்று முன்பே பட்டியலிட்டு, அவற்றைக் காட்டிக்கொடுக்கும் சில அளவீடுகளை மட்டும் எடுக்கிறோம். வேகமானது. சிக்கல் மெல்லிய விலகல்களில்தான். டிஜிட்டலில் ஒரு முனை 0 அல்லது 1-இலேயே நின்றுவிட்டால் பழுது என்று சொல்லிவிடலாம். அனலாக்கில் 5% டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) உள்ள ரெசிஸ்டர் 7% விலகினால்? எல்.இ.டி. விளக்கில் கண்ணுக்கே தெரியாது. துல்லியமான ஃபில்டரில் வெட்டு அதிர்வெண்ணே (சிக்னலை விடுவதும் தடுப்பதும் பிரியும் எல்லை) நகர்ந்துவிடும்.

நான் முதலில் பழுதுநோக்குச் சோதனையால் உடைந்தவற்றைக் கழிப்பேன், அப்புறம் மிஞ்சியவற்றுக்கு முக்கியமான அளவீடுகள். மருத்துவக் கருவி என்றால் மட்டும் ஒரு அளவீட்டையும் விடமாட்டேன்.