டீன் ஸ்மித், மைக் ஷஷெவ்ஸ்கி: அருகருகே இரு நெடும்பணிகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஒன்றுக்கொன்று இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் உள்ள இரு பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து அணிகளை டீன் ஸ்மித் 36 பருவங்களும் மைக் ஷஷெவ்ஸ்கி 42 பருவங்களும் வழிநடத்தினர். இருவருக்கும் தொடக்கம் கசப்பாகவே அமைந்தது. 1965இல் ஒரு தோல்விக்குப் பின் வட கரோலினா பல்கலைக்கழக மாணவர்கள் தம் பயிற்சியாளரான ஸ்மித்தின் உருவபொம்மையையே தூக்கில் தொங்கவிட்டனர். 1980இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஷஷெவ்ஸ்கியோ முதல் மூன்று பருவங்களில் 38 ஆட்டங்களை வென்று 47இல் தோற்றார். இன்றைய நிர்வாகங்கள் அத்தனை பொறுமை காட்டுமா என்பது ஐயமே.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வாதத்துக்கு இடமில்லை: ஸ்மித்துக்கு 879 வெற்றிகள், 2 தேசியப் பட்டங்கள், ஷஷெவ்ஸ்கிக்கு, ராணுவக் கல்லூரியில் பெற்ற 73 உட்பட, 1,202 வெற்றிகள், 5 பட்டங்கள். ஓராண்டிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிடும் இளைஞர்களைக் கொண்டும் 2015இல் பட்டம் வென்ற அவரது தகவமைப்புத் திறன் அரியது.

ஆயினும் ஆசிரியர் என்ற நிலையில் என் மனம் ஸ்மித்தின் பக்கமே சாய்கிறது. புள்ளி எடுத்தவர் பந்தைக் கொடுத்தவரை விரல் நீட்டிச் சுட்ட வேண்டும் என்பதை அவர் வழக்கமாக்கினார். 1960களில் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்து, தம் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நிறத் தடையை உடைத்தார். தம் முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் இரவு உணவுக்காக 200 டாலர் உயிலில் எழுதிவைத்தார்.

ஷஷெவ்ஸ்கியின் இறுதி ஆட்டம் 2022 தேசிய அரையிறுதி. அதில் அவரை வென்றது ஸ்மித்தின் பழைய அணிதான்.